அழித்தாலும் திரும்பி வரும் ஃபோல்டர்: உருவாக்குவது யார் என்று கண்டுபிடித்து நிறுத்தும் வழி

டெலீட் அழுத்துகிறோம், போய்விடுகிறது. ரீசைக்கிள் பின்னையும் காலி செய்கிறோம். மறுநாள் கம்ப்யூட்டரைத் திறந்தால் அதே இடத்தில், அதே பெயரில் ஒன்றும் நடக்காதது போல உட்கார்ந்திருக்கிறது.

என்னைப் படுத்திய ஃபோல்டரின் பெயர் ‘ஸ்கேன்ஸ்’. டாக்குமெண்ட்ஸுக்குள் வந்து நிற்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. கிட்டத்தட்ட இரண்டு மாதம் காலையில் முதல் வேலையே அதை அழிப்பதுதான். வைரஸ் ஸ்கேன் ஓட்டினேன், பர்மிஷனை மாற்றினேன், விண்டோஸையே மறுபடி போட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். கடைசியில் ஆள் யார் என்று தேடியபோது பத்து நிமிடத்தில் சிக்கிவிட்டது. அந்தக் கதை கீழே வருகிறது.

அத்தனை நாளும் நான் ஃபோல்டரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் ஃபோல்டர் தானாக முளைப்பதில்லை. ஒரு புரோகிராம் அதை உருவாக்குகிறது, இல்லையென்றால் வேறோர் இடத்திலிருந்து அதன் நகல் வந்து சேர்கிறது, அதுவும் இல்லையென்றால் அது அழியவே இல்லை. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. அதனால் எந்த வகை என்று தெரியும்வரை அழிப்பதை நிறுத்தி வையுங்கள். கீழே சொல்வதெல்லாம் பெரும்பாலும் விண்டோஸ் 10, 11-க்கு. மேக், லினக்ஸ் பற்றிக் கடைசிக்குச் சற்று முன்னால் கொஞ்சம் இருக்கிறது.

தொடங்கும் முன்: இது அழிக்கவே கூடாத ஃபோல்டரா?

ஒவ்வொரு டிரைவின் வேரிலும் (டிரைவைத் திறந்ததும் வரும் முதல் மட்டத்தில்) ரீசைக்கிள் பின்னுக்கென்று ஒரு ஃபோல்டரும், ‘சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்’ என்று ஒன்றும் இருக்கும். சாதாரணமாக இவை கண்ணில் படாது. மறைந்திருக்கும் சிஸ்டம் ஃபைல்களைக் காட்டு என்று எப்போதோ ஒரு டிக் போட்டிருப்போம், அதனால் தெரிகின்றன. அழித்தால் விண்டோஸ் மறுபடி உருவாக்கும். அந்த டிக்கை எடுத்துவிடுங்கள், முடிந்தது.

2025 ஏப்ரலில் வந்த விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு சி டிரைவில் ‘ஐநெட்பப்’ என்று ஒரு காலி ஃபோல்டர் தோன்றிப் பலரைக் குழப்பியது. பார்த்தால் வெட்டியாக இருக்கிறதே என்று தோன்றும். அது ஒரு பாதுகாப்புத் திருத்தத்தின் பகுதி, அழிக்காதீர்கள் என்று மைக்ரோசாஃப்ட்டே சொன்னது. ஏற்கெனவே அழித்திருந்தால் கண்ட்ரோல் பேனலில் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலைத் திறந்து ‘இன்டர்நெட் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்’ என்பதை ஒருமுறை ஆன் செய்யுங்கள். சரியான பர்மிஷனோடு ஃபோல்டர் திரும்பிவிடும். அப்புறம் அந்த சர்வீஸை அணைத்துவிடலாம்.

ஆண்ட்ராய்டு போனின் மெமரி கார்டில் ‘லாஸ்ட் டாட் டிர்’ என்ற ஃபோல்டரைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இந்த வகைதான்: சிஸ்டம் உருவாக்குவது, அழித்தாலும் வரும். உள்ளே இருப்பதை வேண்டுமானால் அழியுங்கள்.

படி 1: உண்மையிலேயே அழிகிறதா?

ஃபோல்டரை அழித்தவுடன் அதே ஜன்னலில் எஃப்5 அழுத்துங்கள். ஃபோல்டர் உடனே திரும்பித் தெரிந்தால், பெரும்பாலும் அது போகவே இல்லை. ஃபோல்டர்களைக் காட்டும் விண்டோஸ் ஜன்னலான எக்ஸ்ப்ளோரர் அவசரப்பட்டுப் படத்தை மட்டும் எடுத்துவிட்டது. இதற்குப் பொதுவாக நான்கு காரணங்கள்.

ஒன்று, அதை இன்னொரு புரோகிராம் பிடித்துக்கொண்டிருக்கும். அழிக்கச் சொன்னது பதிவாகிவிட்டது, ஆனால் பிடித்திருக்கும் கை விடும்வரை வேலை முடியாது. யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்க்க ஸ்டார்ட் மெனுவில் ரிசோர்ஸ் மானிட்டரைத் தேடித் திறங்கள். அதில் சிபியூ தாவலில் ‘அசோசியேட்டட் ஹேண்டில்ஸ்’ என்ற பகுதி இருக்கும், பக்கத்திலேயே ஒரு தேடல் பெட்டி. ஃபோல்டர் பெயரைக் கொடுத்தால் பிடித்திருக்கும் புரோகிராம் வரிசையாக வந்துவிடும். அதை மூடிவிட்டு மறுபடி அழியுங்கள்.

இரண்டு, பெயரில் கோளாறு. ஃபோல்டர் பெயரின் கடைசியில் ஓர் இடைவெளியோ புள்ளியோ ஒட்டிக்கொண்டிருந்தால் எக்ஸ்ப்ளோரர் தடுமாறும். கண்ணெதிரே இருக்கும் ஃபோல்டரைப் பார்த்து ‘இந்த உருப்படியைக் கண்டுபிடிக்க முடியவில்லை’ என்று சொல்லும். லினக்ஸிலிருந்தோ மேக்கிலிருந்தோ வந்த ஃபோல்டர்களில் இதைப் பார்க்கலாம். செவன் ஜிப் மென்பொருளோடு வரும் ஃபைல் மேனேஜரைத் திறந்து அதன் வழியாக அழித்தால் போய்விடும்.

மூன்று, பர்மிஷன். இதில் பெரும்பாலும் எச்சரிக்கைச் செய்தியே வந்துவிடும் என்பதால் குழப்பம் குறைவு.

நான்கு, டிரைவின் கணக்குப் புத்தகத்தில் பிழை. ‘திஸ் பிசி’யில் டிரைவின் மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், டூல்ஸ் தாவல், அதில் ‘செக்’ பொத்தான். பிழை இருந்தால் அதுவே சரி செய்யும். அதன் பிறகு டிரைவில் ‘ஃபவுண்ட் டாட் 000’ என்று ஒரு ஃபோல்டர் தோன்றினால் பயப்பட வேண்டாம். சோதனையின்போது கிடைத்த அநாதைத் துண்டுகளை விண்டோஸ் அதில்தான் போட்டுவைக்கும்.

பென்டிரைவ், மெமரி கார்டு விஷயம் தனி. அழிக்கிறீர்கள், எஃப்5 அழுத்தினாலும் இல்லை, புதிதாக ஒரு ஃபைலைப் போட்டால் அதுவும் தெரிகிறது. கழற்றி மறுபடி செருகினால் அழித்தவை எல்லாம் இருக்கின்றன, புதிதாகப் போட்டது காணோம். ஃபார்மேட் செய்தாலும் இதே கதை. பலர் இதை வைரஸ் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அந்தச் சில்லு தேய்ந்து, எழுதும் சக்தியை இழந்துவிட்டது என்றுதான் பொருள். நீங்கள் பார்த்த மாற்றமெல்லாம் கம்ப்யூட்டரின் நினைவகத்தில் இருந்த தற்காலிகக் கணக்கு. இதைச் சரிசெய்யும் மென்பொருளைத் தேடி நேரத்தைக் கரைக்காதீர்கள். படிக்க முடிகிறபோதே உள்ளே இருப்பதைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு அதைத் தூக்கிப் போடுங்கள். பக்கவாட்டில் எழுத்துத் தடுப்பு சுவிட்ச் உள்ள கார்டு என்றால் அதை மட்டும் முதலில் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

படி 2: அழிக்காமல் பெயரை மாற்றுங்கள்

எனக்கு மிகவும் உதவிய சோதனை இதுதான். ‘ஸ்கேன்ஸ்’ என்பதை ‘ஸ்கேன்ஸ் பழையது’ என்று மாற்றிவிட்டுக் காத்திருங்கள். தகவல் எதுவும் போகாது, ஆனால் என்ன நடக்கிறது என்று தெளிவாகத் தெரியும்.

பழைய பெயரில் ஒரு காலி ஃபோல்டர் புதிதாக வந்து பக்கத்தில் நின்றால், ஒரு புரோகிராம் அதைத் தேடி, காணாமல், உருவாக்கிக்கொண்டது என்று அர்த்தம். படி 3-க்குப் போங்கள்.

பழைய பெயரிலேயே, உள்ளே இருந்த ஃபைல்களோடு சேர்ந்து வந்தால் அது நகல். ஒத்திசைவோ (ஒன்டிரைவ் போல, எல்லாக் கருவிகளிலும் ஒரே ஃபைல்களை வைத்திருக்கும் சிங்க் வேலை) பேக்கப் மென்பொருளோ கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. படி 5-ல் ஒத்திசைவுப் பகுதியைப் பாருங்கள்.

ரீஸ்டார்ட் செய்ததும் நீங்கள் வைத்த புதுப் பெயரே காணாமல் போய், எல்லாம் பழையபடி இருந்தால், அந்தக் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு முறையும் பழைய நிலைக்குத் திருப்பும் மென்பொருள் இருக்கலாம். பயிற்சிக் கூடங்களிலும் பொதுக் கம்ப்யூட்டர்களிலும் இப்படித்தான் வைத்திருப்பார்கள். அதைப் பராமரிப்பவர் திறந்துவிட்டால் ஒழிய எதை அழித்தும் பயனில்லை.

சோதனையின்போது ஒரு நுணுக்கம். விண்டோஸில் ஒரு ஃபைலை அழித்தோ பெயர் மாற்றியோ 15 நொடிக்குள் அதே இடத்தில் அதே பெயரில் இன்னொன்று உருவானால், புதியது பழையதன் உருவாக்க நேரத்தைத் தாங்கி வரும். பழைய புரோகிராம்களின் வசதிக்காக வைத்த ஏற்பாடு அது. தேதி பழையதாக இருக்கிறதே, அப்படியானால் அழியவில்லை போல என்று இதனால் ஏமாறலாம். தேதியை மட்டும் நம்பாமல், பெயர் மாற்றிய ஃபோல்டரும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள்.

படி 3: எப்போது வருகிறது?

புதிதாக வந்த ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸில் ‘கிரியேட்டட்’ என்ற வரியைப் பாருங்கள். நொடிவரை இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள், முடிந்தால் இரண்டு மூன்று நாளுக்கு.

அழித்த சில நொடிகளில் வருகிறது என்றால் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம். லாகின் செய்த ஓரிரு நிமிடத்தில் வந்தால் கம்ப்யூட்டரோடு சேர்ந்து தொடங்கும் புரோகிராம். டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பட்டியலைப் பாருங்கள். குறிப்பிட்ட மென்பொருளைத் திறக்கும்போது மட்டும் வந்தால் விசாரணையே வேண்டாம், குற்றவாளி அதுதான். இணையம் கிடைத்தவுடன் வந்தால் ஒத்திசைவின் மேல் சந்தேகம்.

அலுவலகக் கம்ப்யூட்டரில் அழித்த இரண்டு மணி நேரத்துக்குள் திரும்பி வந்தால் குரூப் பாலிசியாக (அலுவலகக் கம்ப்யூட்டர்களுக்கு ஐடி பிரிவு மொத்தமாக வைக்கும் கட்டளைகள்) இருக்கலாம். அது வழக்கமாக 90 நிமிடத்துக்கு ஒருமுறை, கூடவே 30 நிமிடம்வரை தாமதம் சேர்ந்து, தன் கட்டளைகளை மறுபடி செயல்படுத்தும். இந்த ஃபோல்டர் இருக்க வேண்டும் என்பதும் அதில் ஒரு கட்டளையாக இருக்கலாம். லாகின் செய்யும்போது சர்வரிலிருந்து இறங்கும் ரோமிங் புரொஃபைலும் அழித்ததைத் திருப்பித் தரும். இரண்டிலுமே உங்கள் கையில் ஒன்றும் இல்லை, ஐடி பிரிவில் சொல்லுங்கள்.

தினமும் ஒரே மணிக்கு வந்தால் டாஸ்க் ஷெட்யூலரைத் திறங்கள். நடுவில் தெரியும் பட்டியலில் ‘லாஸ்ட் ரன் டைம்’ என்ற நெடுவரிசை இருக்கும். நீங்கள் குறித்த நேரத்தோடு எந்த வேலையின் நேரம் ஒத்துப்போகிறது என்று ஒப்பிடுங்கள். இடப்பக்கம் உள்ள துணைப் பிரிவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள், வேண்டாத வேலைகள் அங்கேதான் ஒதுங்கியிருக்கும்.

படி 4: கையும் களவுமாகப் பிடிப்பது

மேலே சொன்னதில் பிடிபடவில்லை என்றால் புராசஸ் மானிட்டர். மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் பக்கத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, நிறுவ வேண்டியதில்லை. கம்ப்யூட்டரில் எந்தப் புரோகிராம் எந்த ஃபைலைத் தொட்டாலும் இது ஒரு வரி எழுதிவைக்கும். திறந்தவுடன் லட்சக்கணக்கில் வரிகள் ஓடும். மிரள வேண்டாம், வடிகட்டினால் நான்கைந்துதான் மிஞ்சும்.

1. ஃபோல்டரை அழித்துவிட்டு, புராசஸ் மானிட்டரை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறங்கள்.

2. கண்ட்ரோல், எல் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஃபில்டர் பெட்டி வரும். முதல் பெட்டியில் ‘பாத்’, அடுத்ததில் ‘எண்ட்ஸ் வித்’, மூன்றாவதில் ஃபோல்டர் பெயர், கடைசியில் ‘இன்க்ளூட்’. ‘ஆட்’ அழுத்தி, ஓகே கொடுங்கள்.

3. ஃபில்டர் மெனுவில் ‘டிராப் ஃபில்டர்டு ஈவென்ட்ஸ்’ என்பதை டிக் செய்யுங்கள். இல்லையென்றால் தேவையில்லாத வரிகளையும் சேர்த்து வைத்துக்கொண்டே போய் மெமரியை நிரப்பிவிடும்.

4. ஃபோல்டர் மறுபடி தோன்றும்வரை உங்கள் வேலையைப் பாருங்கள். தோன்றியதும் கண்ட்ரோல், ஈ அழுத்திப் பதிவை நிறுத்துங்கள்.

5. ‘கிரியேட் ஃபைல்’ என்ற வரிகளைப் பாருங்கள்.

இந்த ஐந்தாவதில்தான் பலர் தவறான ஆளைப் பிடித்துவிடுகிறார்கள். ‘கிரியேட் ஃபைல்’ என்று பெயர் இருந்தாலும், இருக்கும் ஒன்றைத் திறந்து பார்ப்பதற்கும் விண்டோஸ் அதே பெயரைத்தான் பயன்படுத்துகிறது. எக்ஸ்ப்ளோரரும் ஆன்டிவைரஸும் சும்மா எட்டிப் பார்த்தாலும் இந்த வரி விழும். வலக்கோடியில் உள்ள ‘டீடெயில்’ நெடுவரிசையில் ‘ஓப்பன் ரிசல்ட்: கிரியேட்டட்’ என்று எந்த வரியில் இருக்கிறதோ, அதுதான் உருவாக்கிய வரி. ‘ஓப்பன்டு’ என்று இருந்தால் வேடிக்கை பார்க்க வந்தவர், விட்டுவிடுங்கள்.

என் பதிவில் மொத்தம் ஏழு வரி இருந்தது. ஆறு வரி வேடிக்கை பார்த்தவர்கள். மிச்சம் ஒன்றில் பிரிண்டரோடு வந்த ஒரு துணைப் புரோகிராமின் பெயர். அந்தப் பிரிண்டரை எப்போதோ மாற்றிவிட்டேன். ஆனால் அதன் துணைப் புரோகிராம் தினமும் காலையில் எழுந்து, ஸ்கேன் செய்த பக்கங்களைப் போட இடம் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாததால் ஃபோல்டரைக் கட்டிவைத்துவிட்டு, வராத ஸ்கேனுக்காகக் காத்திருந்திருக்கிறது. பாவம்.

சில நேரம் அந்த வரியில் எஸ்விசிஹோஸ்ட், பவர்ஷெல், ரன்டிஎல்எல் போன்ற பொதுப் பெயர் இருக்கும். இவர்கள் கூலியாட்கள், ஏவியது வேறொருவர். வரியை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸில் புராசஸ் தாவலைத் திறந்தால் ‘கமாண்ட் லைன்’ தெரியும். எந்த சர்வீஸுக்காக, எந்த ஸ்கிரிப்ட்டுக்காக ஓடியது என்று அதில் இருக்கும். கண்ட்ரோல், டி அழுத்தினால் யார் யாரைத் தொடங்கினார்கள் என்ற வம்சாவளியும் வரும். உருவாக்கியவர் எக்ஸ்ப்ளோரர் என்றே வந்தால் ‘ஸ்டாக்’ தாவலில் விண்டோஸைச் சேராத பெயர் ஏதும் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். எக்ஸ்ப்ளோரருக்குள் ஒட்டிக்கொண்டு வேலை செய்யும் நீட்சியாக இருக்கலாம்.

நீங்கள் லாகின் செய்து முடிப்பதற்குள்ளேயே ஃபோல்டர் வந்துவிடுகிறதா? ஆப்ஷன்ஸ் மெனுவில் ‘எனேபிள் பூட் லாகிங்’ கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். தொடக்கத்திலிருந்தே பதிவு ஓடும். பிறகு புராசஸ் மானிட்டரைத் திறந்தால் அந்தப் பதிவைச் சேமிக்கவா என்று கேட்கும்.

இவ்வளவு எதற்கு என்று தோன்றினால் கிளீன் பூட் முறையும் உண்டு. சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் சர்வீசஸ் தாவலுக்குப் போய், மைக்ரோசாஃப்ட் சர்வீஸ்களை மறைத்துவிட்டு மிச்சத்தை அணையுங்கள். டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் புரோகிராம்களையும் அணைத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஃபோல்டர் வரவில்லை என்றால் பாதியைத் திரும்ப ஆன் செய்யுங்கள், அப்புறம் அதில் பாதி. இப்படிக் குறுக்கிக்கொண்டே போகலாம். வேலை செய்யும், ஆனால் பல முறை ரீஸ்டார்ட் செய்யும் பொறுமை வேண்டும்.

படி 5: நிறுத்துவது

புரோகிராம் என்றால் முதலில் அதன் செட்டிங்ஸில் சேமிக்கும் இடம் என்று ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். கூட்டங்களைப் பதிவு செய்யும் செயலிகள், திரைப்பதிவு மென்பொருள்கள், விளையாட்டுகள் எல்லாம் டாக்குமெண்ட்ஸை வீட்டுத் திண்ணை போல நினைத்து ஆளுக்கொரு ஃபோல்டர் போடும். ‘கஸ்டம் ஆபிஸ் டெம்ப்ளேட்ஸ்’ ஃபோல்டரைப் போடுவது மைக்ரோசாஃப்ட் ஆபிஸ். இடத்தை மாற்ற வழி இருந்தால் மாற்றுங்கள். புரோகிராமே வேண்டாம் என்றால் அன்இன்ஸ்டால். என் பிரிண்டர் விஷயத்தில் அதைத்தான் செய்தேன். அன்இன்ஸ்டால் செய்த பிறகும் அப்டேட்டர் சர்வீஸ், ஷெட்யூலர் வேலை என்று வால் மட்டும் மிஞ்சியிருப்பது உண்டு, அதையும் பார்த்துவிடுங்கள்.

ஒத்திசைவு என்றால் ஒன்டிரைவ், கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் எதுவாக இருந்தாலும் சிக்கல் பெரும்பாலும் இன்னொரு கருவியில் இருக்கிறது. நீங்கள் இங்கே அழிக்கும் நேரத்தில் அங்கே ஒரு புரோகிராம் அதே ஃபோல்டருக்குள் எழுதிக்கொண்டிருக்கும், அந்த மாற்றம் மேலே ஏறி உங்களிடம் இறங்கிவிடும். அதனால் எல்லாக் கருவிகளிலும் ஒத்திசைவைச் சற்று நிறுத்துங்கள். பிரவுசரில் அந்தச் சேவைக்குள் போய், ஃபோல்டரை அங்கே அழியுங்கள். பிறகு ஒவ்வொரு கருவியிலும் கைமுறையாக அழித்துவிட்டு, ஒவ்வொன்றாக ஒத்திசைவை ஆன் செய்யுங்கள். எதை ஆன் செய்யும்போது திரும்பி வருகிறதோ, கோளாறு அங்கே. தவறாக எதையாவது அழித்துவிட்டால் கூகுள் டிரைவிலும் தனிநபர் ஒன்டிரைவிலும் 30 நாள் குப்பைத் தொட்டியில் இருக்கும்.

வைரஸ் என்ற சந்தேகம் எல்லோருக்கும் முதலில் வருகிறது, உண்மையில் அபூர்வம். புரோகிராமின் பெயர் அர்த்தமற்ற எழுத்துக் குவியலாக இருந்தாலோ, அது டெம்ப் ஃபோல்டரிலிருந்து ஓடினாலோ, பென்டிரைவில் ஃபோல்டர்களுக்குப் பதில் ஷார்ட்கட்டுகள் முளைத்தாலோ மட்டும் கவலைப்படுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸுக்குள் ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ இருக்கிறது. கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் முழுதாக எழும் முன்பே தேடும். சுமார் 15 நிமிடம் ஆகும். திறந்திருப்பதைச் சேமித்துவிட்டுத் தொடங்குங்கள்.

மேக்கில் டெஸ்க்டாப்பும் டாக்குமெண்ட்ஸும் ஐகிளவுடோடு இணைந்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். அடுத்து லைப்ரரிக்குள் ‘லாஞ்ச் ஏஜென்ட்ஸ்’ ஃபோல்டர், பழைய புரோகிராம்களின் மிச்சம் அங்கே இருக்கும். லினக்ஸில் ஹோம் ஃபோல்டருக்குள் ‘ஸ்னாப்’ என்று ஒன்று திரும்பத் திரும்ப வந்தால், ஸ்னாப் முறையில் நிறுவிய ஒரு செயலியைத் திறக்கிறீர்கள் என்று பொருள்.

படி 6: எதற்கும் மசியவில்லை என்றால்

புரோகிராம் வேண்டும், ஃபோல்டர் வேண்டாம், செட்டிங்ஸிலும் வழி இல்லை. இந்த நிலையில் எளிய வழி, ஃபோல்டருக்கு ‘ஹிடன்’ டிக் போட்டு மறைத்துவிடுவது. எனக்கு இதில் வெட்கம் எதுவும் இல்லை, பல ஃபோல்டர்களை இப்படித்தான் வைத்திருக்கிறேன்.

வரவே கூடாது என்று பிடிவாதமாக இருந்தால் ஒரு தந்திரம் உண்டு. ஒரே இடத்தில் ஒரு ஃபைலும் ஒரு ஃபோல்டரும் ஒரே பெயரில் இருக்க முடியாது. எனவே ஃபோல்டரை அழித்துவிட்டு அதன் பெயரில் ஒரு ஃபைலை உட்காரவைத்துவிடலாம். எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் ஃபைல் எக்ஸ்டென்ஷன்களைக் காட்டச் சொல்லுங்கள். அதே இடத்தில் ஒரு புதிய டெக்ஸ்ட் ஃபைலை உருவாக்கி, பெயரையும் கடைசியில் வரும் ‘டாட் டிஎக்ஸ்டி’யையும் முழுதாக நீக்கி, ஃபோல்டரின் பெயரை எழுத்துப் பிசகாமல் கொடுங்கள். விண்டோஸ் எச்சரிக்கும், சரி என்று சொல்லுங்கள். பிராப்பர்ட்டீஸில் ‘ரீட் ஒன்லி’, ‘ஹிடன்’ இரண்டையும் டிக் செய்யுங்கள். இனி புரோகிராம் வந்து பார்த்தால் இடம் காலி இல்லை.

பெரும்பாலான புரோகிராம்கள் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். சில முகம் சுளித்து எச்சரிக்கை காட்டும், ஒன்றிரண்டு திறக்கவே மறுக்கும். அப்போது அந்த ஃபைலை அழித்தால் போதும், எல்லாம் பழையபடி. சிஸ்டம் ஃபோல்டர்களுக்கு மட்டும் இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

டிக் போடுவதற்கு முன்னால் அந்த ஃபைலை நோட்பேடில் திறந்து, எதற்காக வைத்தீர்கள், எந்தப் புரோகிராமுக்காக, என்றைக்கு என்று ஒரு வரி எழுதி வையுங்கள். எட்டு மாதம் கழித்து வேறொரு பிழையைத் துரத்திக்கொண்டு வந்து, மறைந்திருக்கும் இந்த ஃபைலைத் திறந்து பார்த்து முழிக்கப்போவது நீங்கள்தான்.